‘ப்ளூபேர்ட், ப்ளூபேர்ட்’ பாதியில நிக்கறேன், டாரன் அந்த பேட்ஜை ஏன் இவ்வளவு நம்பறான்?

நிலாமுற்றம்:

வணக்கம் எல்லாருக்கும். கிரைம் நாவல் நிறைய படிக்கறவ நான், ஆனா பெரும்பாலும் லண்டன், ஸ்வீடன் பக்கம் நடக்கற கதைங்கதான். போன மாசம் தோழி ஒருத்தி அட்டிகா லாக் எழுதின ‘ப்ளூபேர்ட், ப்ளூபேர்ட்’டைக் கைல குடுத்து இதைப் படிச்சே ஆகணும்னு சொன்னா. 2017ல வந்தது, அடுத்த வருஷம் எட்கர் விருது, அதாவது கிரைம் எழுத்துக்குக் குடுக்கற அமெரிக்க விருது, வாங்கியிருக்கு. பாதி தாண்டிட்டேன், ஆனா சில விஷயம் மனசுல ஒட்டாம நிக்குது, படிச்சவங்க இருந்தா பேசலாம்னுதான் இங்க வந்தேன்.

படிக்காதவங்களுக்குச் சுருக்கமா: கிழக்கு டெக்சஸ்ல ஷெல்பி கவுண்டி (கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி), அதுல லார்க்னு ஒரு குட்டி ஊர். ஊர் கற்பனை, கவுண்டி நிஜம். ஹைவே 59 ஊரை உரசிட்டுப் போகுது. ஒரு பக்கம் ஜெனீவான்னு வயசான கறுப்பினப் பெண் நடத்தற சாப்பாட்டுக் கடை, எதிர்ப்பக்கம் ஊர்ப் பெரிய மனுஷன் வாலியோட மாளிகை. கடைக்குப் பின்னாடி அட்டோயாக் பேயூ, அதாவது மெதுவா நகர்ற கலங்கல் ஓடை. அதுல முதல்ல சிகாகோல இருந்து வந்த ஒரு கறுப்பின வக்கீலோட உடம்பு கிடைக்குது. சில நாள்லயே உள்ளூர் வெள்ளைக்காரப் பொண்ணு ஒருத்தியோட உடம்பு. டாரன் மாத்யூஸ்னு ஒரு கறுப்பின டெக்சஸ் ரேஞ்சர், அதாவது அந்த மாநிலப் போலீஸோட துப்பறியற படைல ஒருத்தன், சஸ்பென்ஷன்ல இருக்கறவன், எஃப்பிஐல வேலை பாக்கற நண்பன் சொன்னதைக் கேட்டு அந்த ஊருக்குப் போறான்.

எழுத்து அபாரம், அதுல சந்தேகமே இல்ல. முதல் வரிலயே ஜெனீவா கல்லறைத் தோட்டத்துக்குள்ள ஆரஞ்சு கலர் எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்துட்டுப் போறா, கல்லறைக்கும் கரண்ட் கொண்டு போற அளவுக்கு செத்தவங்களோட வாழற ஒரு பொம்பளைன்னு அந்த ஒரு வரிலயே புரிஞ்சு போச்சு. கடைக்குள்ள ஒரு முடிவெட்டற நாற்காலி கிடக்கும், சாப்பிட வர்றவன் அப்படியே முடியும் வெட்டிக்கலாம், அதெல்லாம் கண்ணு முன்னாடி நிக்குது.

எனக்குப் புரியாதது டாரன்தான். இந்த ஆளு படிச்சவன், லா காலேஜ்ல சேர்ந்தவன், போலீஸ் கறுப்பினத்தவங்களை என்ன பண்ணுதுன்னு நல்லாத் தெரிஞ்சவன், அப்புறமும் அந்த வெள்ளி பேட்ஜை சட்டைல குத்திக்கிட்டா எல்லாம் சரியாயிடும்னு எப்படி நம்பறான்? அதை விடுங்க, கடைல இருக்கறவங்க எல்லாரும் கறுப்பினத்தவங்க, இவனும் அப்படித்தான், ஆனா இவன் உள்ள வந்ததும் வாயை மூடிக்கறாங்க, ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க, செத்தது அவங்க ஆளு இல்லையா? இன்னொண்ணு, கதை நடக்கறது ஒபாமா ஜனாதிபதியா இருந்த காலம், அப்பவும் இப்படி ஒரு ஊர் இருந்திருக்குமா இல்ல நாவலுக்காகக் கூட்டி எழுதினதா? முடிவை மட்டும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்.

பழையபேப்பர்:

நீங்க கேட்ட முதல் கேள்விக்குத்தான் அட்டிகா லாக் நாவல் முழுக்க பதில் தேடறாங்க, அதனால முடிவைத் தொடாம சொல்றேன்.

டாரனை வளர்த்தது இரட்டைப் பிறவிகளான ரெண்டு சித்தப்பாங்க, ஞாபகம் இருக்கா? ஒருத்தர் வில்லியம், அவரே ரேஞ்சரா இருந்தவர். இன்னொருத்தர் கிளேட்டன், சட்டப் பேராசிரியர். வில்லியம் என்ன நினைக்கறார்னா, வெள்ளைக்காரனைக் கொன்னவனை எவ்வளவு மும்முரமா தேடறாங்களோ அதே மும்முரத்தோட கறுப்பனைக் கொன்னவனையும் தேடினாத்தான் சட்டம் நமக்கும் சொந்தம், அதுக்கு நம்மாளு உள்ள இருக்கணும். கிளேட்டன் நினைக்கறது தலைகீழ், சட்டத்துக்கிட்ட இருந்துதான் நம்மளைக் காப்பாத்திக்கணும், அதனால கோர்ட்ல எதிர்ப்பக்கம் நின்னு வாதாடணும். ஒரே வயித்துல பொறந்த ரெண்டு பேரு, ரெண்டு பேர் சொல்றதும் சரி. டாரன் இந்த ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டவன். அவன் பேட்ஜை நம்பறான்னு நீங்க சொல்றீங்க, நான் படிச்ச வரைக்கும் அவன் நம்ப ஆசைப்படறான், அவ்வளவுதான். ராத்திரி ஆனா பாட்டில் எடுக்கறதும் அதனாலதான்.

ரேஞ்சர் படையோட சரித்திரம் தெரிஞ்சா இது இன்னும் கனமா இருக்கும். 1918 ஜனவரில போர்வெனீர்ங்கற எல்லையோர கிராமத்துல ரேஞ்சர்களும் உள்ளூர் பண்ணைக்காரங்களும் சேர்ந்து மெக்சிகோ வம்சாவளி ஆம்பளைங்க, பசங்கன்னு 15 பேரை ராத்திரில வீட்ல இருந்து இழுத்துட்டுப் போய் சுட்டுக் கொன்னாங்க. ஒருத்தர் மேலயும் கேஸ் நடக்கல. 1956ல மேன்ஸ்ஃபீல்டுங்கற சின்ன ஊர் ஹைஸ்கூல்ல கறுப்பினப் பிள்ளைங்களைச் சேர்க்கணும்னு கோர்ட் சொன்னப்ப, கவர்னர் ரேஞ்சர்களை அனுப்பினார். பிள்ளைங்களை உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு இல்ல, உள்ள வராம பாத்துக்கறதுக்கு. அந்த ஸ்கூல் வாசலுக்கு மேல ஒரு கறுப்பின உருவ பொம்மையைத் தூக்குல தொங்க விட்டிருக்காங்க, கீழ ரேஞ்சர் ஒருத்தர் மரத்துல ஹாயா சாஞ்சு நிக்கறார், அந்த போட்டோ ரொம்பப் பிரபலம், ஒரு தடவை பாத்தா மறக்காது.

நவீன காலத்துல முதல் கறுப்பின ரேஞ்சர் வேலைக்கு வந்தது 1988ல. அவ்வளவு லேட். அந்த பேட்ஜ் கூட மெக்சிகோவோட 5 பெசோ வெள்ளி நாணயத்துல வெட்டி எடுக்கறது. மெக்சிகோக்காரங்களை அந்தப் பாடு படுத்தின படை அவங்க நாட்டு நாணயத்தையே நெஞ்சுல குத்திக்குது. டாரன் அதைத் தொட்டுத் தொட்டுப் பாக்கற இடமெல்லாம் வரும்போது இதை நினைச்சுக்கிட்டுப் படிங்க.

அவன் சிகாகோல சட்டப் படிப்பைப் பாதில விட்டுட்டு ஊருக்குத் திரும்பினதுக்குக் காரணம் ஜாஸ்பர் கொலை. அது நிஜ சம்பவம், யாராவது அதைப் பத்தி எழுதுங்க, எனக்கு எழுத மனசு வரல.

சாயங்காலப்பேருந்து:

பழையபேப்பர் அண்ணா சொன்னதுக்கு மேல பேட்ஜ் பத்தி நான் சொல்ல ஒண்ணும் இல்ல. கடைல ஏன் பேச மாட்டேங்கறாங்கன்னு கேட்டீங்கல்ல, அதுக்கு மட்டும். டாரன் நாளைக்குக் கிளம்பிப் போயிடுவான், ஜெனீவா அதே ரோட்டோரத்துல, வாலி வீட்டுக்கு எதிர்லதான் இருந்தாகணும். ஷெரிஃபும், அதாவது கவுண்டி போலீஸ் தலைவனும், அங்கதான் இருப்பான். வெளியூர்ல இருந்து வந்த ஆளுக்கு உண்மை வேணும், அந்த ஊர்க்காரிக்கு அடுத்த நாள் காலைல கடையைத் திறக்கணும். அதுவும் போக அவ புருஷன், மகன் ரெண்டு பேரையும் பறி கொடுத்தவ, சட்டம் அவளுக்கு என்ன கிழிச்சதுன்னு போகப் போகப் படிப்பீங்க.

ஹூஸ்டன்வெயில்:

நான் ஹூஸ்டன் பக்கம் சுகர்லேண்ட்ல இருக்கேன், நம்ம தமிழ் ஜனம் நிறைய இருக்கற ஏரியா. தினமும் ஆபீஸ் போறது இதே 59லதான், இங்க அது எட்டு லேன், பத்து லேன் ரோடு, ரெண்டு பக்கமும் மால், தோசைக்கடை வரைக்கும் உண்டு. இந்த நாவலைப் படிச்சப்புறம்தான் இதே ரோடு வடக்க போகப் போக வேற ஒரு டெக்சஸ்குள்ள நுழையுதுன்னு மனசுல ஏறிச்சு. பைன் காடு, நடுவுல ஒரு சர்ச், ஒரு பெட்ரோல் பங்க், அதைத் தாண்டினா மறுபடி காடு.

கூட்டி எழுதினதான்னு கேட்டீங்க. ஷெல்பி கவுண்டிலயே 59 மேல டெனஹான்னு ஒரு நிஜ ஊர் இருக்கு, சுமார் ஆயிரம் ஜனம் இருக்கற ஊர். 2006ல இருந்து 2008 வாக்குல அங்க போலீஸ் என்ன பண்ணிச்சுன்னா, வெளியூர்ல இருந்து 59ல வர்ற காரை நிறுத்தறது, பெரும்பாலும் கறுப்பினத்தவங்க, லத்தீனோக்காரங்க கார், உள்ள ரொக்கம் இருந்தா இது போதைப்பொருள் பணம்னு சொல்லி எடுத்துக்கறது. ஒரு கிராம் சரக்கு கூட கிடைச்சிருக்காது. பணத்தை விட்டுத் தர்றேன்னு கையெழுத்து போட்டா போகலாம், போடலன்னா கேஸ், பிள்ளை கூட இருந்தா பிள்ளையைப் பிரிச்சு அரசாங்கத்துக்கிட்ட ஒப்படைச்சிடுவோம்னு மிரட்டல். பிள்ளைன்னு சொன்னதும் எந்தத் தாய் தகப்பன் கையெழுத்து போடாம இருப்பான்? கடைசில பாதிக்கப்பட்டவங்க சேர்ந்து கேஸ் போட்டு 2012ல சமரசம் ஆச்சு, இனிமே இந்த மாதிரி நிறுத்தறப்ப வீடியோ எடுக்கணும்னெல்லாம் விதி வந்துச்சு. ஒபாமா ஜனாதிபதி ஆகறதுக்குக் கொஞ்சம் முன்னாடி நடந்தது, கேஸ் முடிஞ்சது அவர் ஆட்சில. லார்க் கற்பனை ஊர்தான், ஆனா எந்த மண்ணுல இருந்து எடுத்தாங்கன்னு இதுலயே தெரியுதுல்ல.

ஜாஸ்பர் பத்தி நானே சொல்லிடறேன், அதுவும் கிழக்கு டெக்சஸ்ல இருக்கற ஒரு ஊர்தான். 1998 ஜூன் 7, ஜேம்ஸ் பைர்டுன்னு 49 வயசு மனுஷன், ராத்திரி வீட்டுக்கு நடந்து போயிட்டு இருந்தவருக்கு லிஃப்ட் தர்றேன்னு மூணு வெள்ளைக்காரப் பசங்க பிக்கப் வண்டில ஏத்திக்கிட்டாங்க. அடிச்சு, கால்ல சங்கிலி கட்டி, வண்டிக்குப் பின்னாடி கிட்டத்தட்ட 3 மைல் இழுத்துட்டுப் போனாங்க. பெரும்பாலான தூரம் அவர் உயிரோட இருந்திருக்கார். மிச்சமிருந்த உடம்பை ஒரு கறுப்பினக் கல்லறைத் தோட்டத்துக்கு முன்னாடி போட்டுட்டு பார்பெக்யூக்குப் போயிட்டாங்க. ரெண்டு பேருக்கு மரண தண்டனை நிறைவேறிச்சு, ஒருத்தனுக்கு 2011ல, இன்னொருத்தனுக்கு 2019ல, மூணாவது ஆளு ஆயுள். பைர்டோட மகன் அந்த மரண தண்டனையே வேண்டாம்னு வெளிப்படையா பேசினார், அது எவ்வளவு பெரிய மனசு!

நான் ஜாஸ்பர் பத்தித் தேடிப் படிச்சப்ப என்னைப் பிடிச்சு உலுக்கினது வேற ஒரு விஷயம். அந்த ஊர்ப் பொதுக் கல்லறைத் தோட்டத்துல கறுப்பர் கல்லறைக்கும் வெள்ளையர் கல்லறைக்கும் நடுவுல ஒரு இரும்பு வேலி. பைர்டு செத்து அடுத்த வருஷம், 1999 ஜனவரிலதான் அதை எடுத்தாங்க. 1999! செத்தவங்களுக்கு நடுவுல வேலி, அது அங்க இருக்கறது அத்தனை வருஷமா ஊர்ல யார் கண்ணுக்கும் தப்பா படல.

எங்க சுகர்லேண்டும் சுத்தம் கிடையாது. 2018ல இங்க ஸ்கூல் கட்டறதுக்குத் தோண்டின இடத்துல 95 பேரோட எலும்புக்கூடு கிடைச்சது. எல்லாம் கறுப்பினக் கைதிங்க. அடிமை முறை சட்டப்படி ஒழிஞ்சப்புறம் ஜெயில்ல போட்டு கரும்புத் தோட்டத்துக்கு வாடகைக்கு விட்டிருக்காங்க, செத்தா அங்கயே புதைச்சிட்டாங்க, ஒரு பேர் பலகை கூட இல்லாம. ஊர் பேர்லயே சர்க்கரை இருக்கு, யார் உழைப்புல வந்த சர்க்கரைன்னு இங்க குடி வந்த நம்மாளுங்க முக்கால்வாசி பேருக்குத் தெரியாது.

கடலோரக்காத்து:

எல்லாரும் பாராட்டறீங்க, நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன். வரலாறு கனமானது, அதுல மறுபேச்சு இல்ல, ஆனா நாவலா பாத்தா எனக்குச் சில இடத்துல இழுவையா இருந்துச்சு. ஆரம்பத்துல டாரனோட குடும்ப நண்பர் மேக், அவர் மேல கொலைச் சந்தேகம், கேஸ் போடலாமான்னு முடிவு பண்ற அந்த கிராண்ட் ஜூரி சமாச்சாரம், அது ஒரு தனிக் கதை. அது லார்க் கதையோட சேரவே ரொம்ப நேரம் எடுக்குது. டாரனோட கல்யாணப் பிரச்சினையும் துப்பறியற நாவல்ல ஆயிரம் தடவை பாத்தது, குடிக்கற போலீஸ், ஒதுங்கிப் போற மனைவி.

இன்னொரு குறை, ஆர்யன் பிரதர்ஹுட்ங்கற வெள்ளை இனவெறிக் கும்பலோட ஆளுங்க. ஊர்ல அவங்க கூடற பார்ல பச்சை குத்திக்கிட்டு முறைச்சுக்கிட்டு நிக்கறாங்களே தவிர மனுஷங்களா எழுந்து வரல. அவங்க எப்படி அப்படி ஆனாங்கன்னு கொஞ்சம் உள்ள போயிருக்கலாம். இனவெறிங்கறது கும்பல்ல இருக்கற ரௌடிக்கு மட்டும் இருக்கற வியாதி இல்லையே.

எனக்கு நாவல்ல ரொம்பப் பிடிச்சது ராண்டிதான், செத்துப் போன வக்கீலோட மனைவி, போட்டோகிராஃபர். இந்த ஊர்ல ஏன்யா இருக்கீங்க, கிளம்பிப் போக வேண்டியதுதானேன்னு டாரன்கிட்ட சண்டை போடறா பாருங்க, அவ கேக்கறது முழுக்க நியாயம்.

பழையபேப்பர்:

கடலோரக்காத்து தம்பி, ரௌடிங்க தட்டையா இருக்காங்கன்னு சொன்னது சரிதான், ஒத்துக்கறேன். ஆனா அதுக்குத்தானே வாலி இருக்கார்? பச்சை குத்தல, கெட்ட வார்த்தை பேசல, பணக்காரர், ஜெஃபர்சனோட மான்டிசெல்லோ மாளிகை மாதிரியே வீடு கட்டி வச்சிருக்கார். அடிமைங்களை வச்சிருந்த ஜனாதிபதியோட வீட்டை நகலெடுத்து, அதை ஒரு கறுப்பினப் பெண்ணோட கடைக்கு நேர் எதிர்ல நிறுத்தியிருக்கார். அதே ஆளு அவ கடைக்கு வந்து உக்காந்து, கடையை எனக்கு வித்துடுன்னு கேட்டுக்கிட்டே இருக்கார். எதுக்கு அவ்வளவு ஆசை? நாவல் முடியும்போது அந்த ரோட்டோட ரெண்டு பக்கமும் எவ்வளவு பின்னிப் பிணைஞ்சிருக்குன்னு தெரிய வரும், இதுக்கு மேல சொன்னா நிலாமுற்றம் மேடம் என்னைத் திட்டுவாங்க. இந்த மாதிரி ஊர்ல வெறுக்கறவனும் வெறுக்கப்படறவனும் ஒருத்தரை ஒருத்தர் சின்ன வயசுல இருந்து தெரிஞ்சவங்க, பேர் சொல்லிக் கூப்பிடறவங்க. முகம் தெரியாதவனைக் கொல்றதை விட அது பயங்கரம்.

ராண்டி கேக்கறது நியாயம்தான். ஆனா டாரன் பக்கமும் நியாயம் இருக்கு. 1910கள்ல இருந்து 1970 வரைக்கும் சுமார் 60 லட்சம் கறுப்பினத்தவங்க அமெரிக்காவோட தெற்கு மாநிலங்களை விட்டு சிகாகோ, டெட்ராய்ட், லாஸ் ஏஞ்சல்ஸ்னு கிளம்பிப் போனாங்க. போனவங்க கதை நிறைய எழுதியாச்சு. மாத்யூஸ் குடும்பம் போகல, அவங்களுக்குச் சொந்த நிலம் இருந்துச்சு, பாட்டன் பூட்டன் உழுத நிலம், அதை எவனோ ஒருத்தன் மிரட்டினான்னு ஏன் விடணும்? லாக்கே ஹூஸ்டன்ல பொறந்தவங்க, இருந்தவங்க பக்கத்துல நின்னுதான் எழுதறாங்க. அந்தக் கோபம் எனக்கு ரொம்பப் பிடிச்சுது.

மஞ்சள்விளக்கு:

ரெண்டு கொலை எந்த வரிசைல நடக்குதுன்னு யாரும் பேசலையே, எனக்கு அதுதான் நாவலோட உச்சம். தெற்குல வழக்கமா நடக்கறது என்ன, ஒரு வெள்ளைக்காரப் பொண்ணுக்கு ஏதோ ஆச்சு, இல்ல ஆச்சுன்னு யாரோ சொன்னாங்க, உடனே ஒரு கறுப்பன் சாவான். இங்க அது திரும்பி நடக்குது, அவன் முதல்ல, அவ அப்புறம். டாரனை அங்க இழுக்கறதே இந்த வரிசைதான், நாவலே இதை நேரடியா சொல்லுது.

1955ல எம்மட் டில்னு 14 வயசுப் பையன், சிகாகோல இருந்து மிசிசிப்பில சொந்தக்காரங்க வீட்டுக்கு லீவுக்கு வந்தவன். கடைல இருந்த வெள்ளைக்காரப் பொண்ணுகிட்ட வம்பு பண்ணினான்னு சொல்லி ராத்திரில தூக்கிட்டுப் போய் அடிச்சு சுட்டு ஆத்துல போட்டாங்க. முழுக்க வெள்ளைக்காரங்களே இருந்த ஜூரி ஒரு மணி நேரச் சொச்சத்துல கொலைகாரங்களை விடுதலை பண்ணிச்சு. அடுத்த ஜனவரில அதே ரெண்டு பேரும் பத்திரிகைகிட்ட பணம் வாங்கிக்கிட்டு ஆமா நாங்கதான் கொன்னோம்னு பேட்டி குடுத்தாங்க. நாவல்ல வர்ற வக்கீலும் சிகாகோல இருந்து தெற்குக்கு வர்றான், அவன் உடம்பும் தண்ணிலதான் கிடைக்குது. அமெரிக்க வாசகருக்கு இது உடனே ஞாபகம் வந்திருக்கும், நமக்கு யாராவது சொன்னாத்தான் தெரியும், அதனால சொல்றேன்.

இதோட ஷெரிஃப் ஆபீஸ் நடந்துக்கறதையும் சேர்த்துப் பாருங்க. வக்கீலோட உடம்பு கிடைச்சப்ப ஆடி அசைஞ்சு வேலை நடக்குது. அந்தப் பொண்ணு உடம்பு கிடைச்சதும் ஊரே பரபரன்னு ஆகுது, முதல் உடம்பு கூட அப்பத்தான் பேச்சுக்கு வருது. வில்லியம் சித்தப்பா சொல்றாரே ரெண்டு கொலையையும் ஒரே மும்முரத்தோட தேடணும்னு, அதை லாக் பேச்சா விடாம கண்ணு முன்னாடி நடத்திக் காட்டறாங்க. கடலோரக்காத்துக்கு இழுவையா இருந்த மேக் கதையும் இதேதான். கறுப்பினக் கிழவர் மேல சந்தேகம் வந்ததும் கிராண்ட் ஜூரி எவ்வளவு சீக்கிரம் கூடுது பாருங்க.

நிலாமுற்றம்:

எல்லாருக்கும் நன்றி, நிஜமாவே இவ்வளவு எதிர்பார்க்கல. ஜாஸ்பர் பத்திப் படிச்சிட்டு ரொம்ப நேரம் போனைக் கீழ வச்சிட்டேன். அந்த வேலி விஷயம் என்னால ஜீரணிக்கவே முடியல.

வரிசை பத்தி மஞ்சள்விளக்கு சொன்னதும் திரும்பப் போய் ஷெரிஃப் வர்ற பக்கங்களை மறுபடி படிச்சேன். முதல் தடவை அவர் மரியாதையாத்தான் பேசறார்னு விட்டுட்டேன், இப்பப் படிச்சா ஒவ்வொரு வாக்கியத்துலயும் டாரனை வாசல் பக்கம் தள்ளிக்கிட்டே பேசறார். சாயங்காலப்பேருந்து சொன்னதுக்கப்புறம் ஜெனீவா மேல இருந்த கோபம் போயிடுச்சு.

டாரன் விஷயத்துல மட்டும் நான் இன்னும் கிளேட்டன் சித்தப்பா பக்கம்தான். வில்லியம் சொல்றது கேக்க நல்லா இருக்கு, ஆனா மேன்ஸ்ஃபீல்டு போட்டோல மரத்துல சாஞ்சு நிக்கற ஆளும் அதே படைதானே. இந்த வாரக் கடைசில முடிச்சிடுவேன். இதுக்கு அடுத்த பாகம் இருக்குன்னு அட்டைல போட்டிருக்கு, அதையும் வாங்கலாமா?

ஹூஸ்டன்வெயில்:

வாங்குங்க, கண்டிப்பா. ரெண்டாவது ‘ஹெவன், மை ஹோம்’, 2019ல வந்தது. லூசியானா எல்லைல கேடோ ஏரி, தண்ணிக்குள்ளயே சைப்ரஸ் மரம் நிக்கற இடம், அங்க ஆர்யன் பிரதர்ஹுட் தலைவன் ஒருத்தனோட ஒன்பது வயசு மகன் காணாமப் போயிடறான், தேடப் போறது டாரன். கடலோரக்காத்து கேட்டாரே அவங்க வீட்டுக்குள்ள போய்ப் பாக்கணும்னு, அது இதுல கொஞ்சம் நடக்குது. மூணாவது 2024ல வந்துச்சு, அதோட டாரன் கதை முடியுது. வரிசையாப் படிங்க, முதல் நாவலோட கடைசிப் பக்கத்துல டாரனோட அம்மா வச்சிருக்கற ஒரு பொருள் மூணு புத்தகத்துக்கும் துரத்திக்கிட்டே வருது, அது என்னன்னு நீங்களே பாத்துக்கோங்க.